கைவேகமா, கற்பனையா? மியூசிக் கேம்கள் மாட்டிக்கொண்ட இடம்

பாட்டை வைத்து ஆடும் வீடியோ கேம்களை, அதாவது மியூசிக் கேம்களைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒரு தரப்பு உடனே, "இதில் இசை எங்கே இருக்கிறது, கலர் கலராக வருவதைப் பார்த்து பட்டனைத் தட்டுகிறார்கள், வெறும் கைவேகம்" என்று சொல்லிவிடும். வருஷக்கணக்கில் ஆடிய இன்னொரு தரப்புக்குக் கோபம் வரும், "எங்களுக்குத் தாளம் பிடிபட்டதே இதனால்தான்" என்பார்கள். இரண்டு பேச்சிலும் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் சண்டை நடக்கிற இடம்தான் தப்பு என்று நினைக்கிறேன். கைவேகத்துக்கும் கற்பனைக்கும் பகை எதுவும் கிடையாது. இந்த கேம்களில் கற்பனைக்கு இடம் சுருங்கிப்போனதற்கு ஸ்கோர்தான் காரணம், அதாவது நாம் வாசித்ததற்கு மெஷின் மார்க் போடும் விதம்.

முதலில் கைவேகம் என்ற பேச்சையே கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். கண்ணில் ஒன்று பட்டு, அதற்குக் கை அசைய ஒருவருக்கு சராசரியாக 200 முதல் 250 மில்லிவிநாடி ஆகும். காதில் விழுந்ததற்கு என்றால் இன்னும் கொஞ்சம் சீக்கிரம். இப்போது நிமிடத்துக்கு 120 அடி போகிற சாதாரணமான ஒரு பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள், அவ்வளவு வேகமான பாட்டுகூட இல்லை. ஒரு அடிக்கும் அடுத்ததற்கும் நடுவே 500 மில்லிவிநாடி. அந்த இடைவெளியை நாலாகப் பிரித்து வாசித்தால் ஒவ்வொன்றுக்கும் 125 மில்லிவிநாடிதான் கிடைக்கும். ஆக, ஒவ்வொரு நோட்டையும் (எப்போது தட்ட வேண்டும் என்று திரையில் காட்டும் குறியை) பார்த்த பிறகு தட்டுவது என்பது மனித உடம்பால் முடியாத காரியம், கை போய்ச் சேர்வதற்குள் அடுத்த நோட்டு தாண்டிப் போயிருக்கும். அதனால்தான் பெரும்பாலான ரிதம் கேம்களில் நோட்டுகள் திரையில் தூரத்திலிருந்தே வருகின்றன. கண் முன்னால் போய்ப் படித்துவைக்கிறது, உடம்பு தாளத்தைப் பிடித்துக்கொண்டு அந்த நேரம் வரும்வரை காத்திருக்கிறது. மெட்ரோனோம் சத்தத்துக்கு ஏற்ப விரலால் தட்டச் சொல்லிச் செய்த ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்த ஒரு விஷயம் உண்டு: பெரும்பாலானவர்கள் சத்தம் வருவதற்குச் சில பத்து மில்லிவிநாடி முன்னாலேயே தட்டிவிடுகிறார்கள். சத்தத்துக்குப் பதில் சொல்லவில்லை, அது எப்போது வரும் என்று உடம்புக்கு முன்பே தெரிந்திருக்கிறது. இதற்கு நம்மிடம் லயம் என்று ஒரு பெயரே இருக்கிறது.

பீட்மேனியா வகை கேம்களில் மிக உயர்ந்த தீர்ப்பு கிடைக்க வேண்டுமென்றால் சரியான கணத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஏறத்தாழ ஒரு ஃப்ரேம், அதாவது 16 அல்லது 17 மில்லிவிநாடிக்குள் தட்டியாக வேண்டும். இதைப் பாட்டு முழுக்கச் செய்கிறவரைப் பார்த்து இசை உணர்வு இல்லாதவர் என்று என்னால் சொல்ல முடியாது. கச்சேரியில் தனி ஆவர்த்தனம் கேட்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மிருதங்கக்காரர் எவ்வளவு கற்பனையாக வாசித்தாலும் கோர்வை எடுப்பில், அதாவது பாட்டு தொடங்கும் இடத்தில், வந்து விழுந்தாக வேண்டும், அந்தத் துல்லியம் இருப்பதால்தான் அந்தக் கற்பனைக்கே அர்த்தம். அப்படியானால் கேமில் மட்டும் ஏன் ஒன்று வந்தால் மற்றது ஓடிப்போகிறது?

இதற்குப் பதில் தேட நல்ல இடம் பராப்பா தி ராப்பர். 1996 டிசம்பரில் பிளேஸ்டேஷனுக்காக ஜப்பானில் வந்தது. இன்று நாம் ரிதம் கேம் என்று சொல்கிற வடிவத்துக்கு வழி போட்டது இதுதான் என்று பலரும் சொல்வார்கள். உருவாக்கிய மசாயா மட்சுரா பாப் இசைக் குழுவில் இருந்து வந்தவர், காகிதம் போலத் தட்டையாக இருக்கும் பாத்திரங்களை வரைந்தவர் ரோட்னி கிரீன்பிளாட். முதல் கட்டத்தில் வெங்காயத் தலையுடன் ஒரு தற்காப்புக் கலை வாத்தியார் வருவார். அவர் ஒரு வரி ராப் செய்ய, திரையின் மேலே அதற்கான பட்டன்கள் வரிசையாகத் தெரியும், நாய்க்குட்டி பராப்பா அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். மோசம், சுமார், நன்று என்று தரம் ஏறி இறங்கும். இதுவரை வெறும் எதிரொலி. ஆனால் 'நன்று' என்ற படிக்கு மேலே 'கூல்' என்று ஒரு படி இருக்கிறது, வாத்தியார் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தால் அந்தப் படி எட்டாது. அவர் கொடுத்த வரியை எடுத்துக்கொண்டு, தாளம் கெடாமல், நடுநடுவே சொந்தமாகச் சேர்த்துச் சொல்ல வேண்டும். கூலுக்குப் போய்விட்டால் வாத்தியார் திரையை விட்டே போய்விடுவார்! அப்புறம் பராப்பா தனியாக, இஷ்டத்துக்கு. ஒரு கேம் ஆட்டக்காரரிடம், "நான் சொல்லிக்கொடுத்தது போதும், இனி உன் பாடு" என்று சொல்கிற அந்த இடம் எனக்கு இன்றும் பெரிய விஷயமாகத் தெரிகிறது. அதற்கப்புறம் வந்த முக்கால்வாசி ரிதம் கேம்களில் இந்த மரியாதை இல்லை.

ஆனால் அதே இடத்தில்தான் சிக்கலும் இருக்கிறது. வாத்தியார் போய்விட்டாலும் மார்க் போடுகிற மெஷின் போகவில்லை. நீங்கள் சேர்த்துச் சொன்னது அழகாக இருந்ததா இல்லையா என்று அதற்குத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் எந்தக் கணத்தில் எந்த பட்டன் அழுந்தியது என்பதுதான். கூடுதல் பட்டன்கள் தாளக் கட்டங்களில் விழுந்தால் மதிப்பெண் ஏறும், விழாவிட்டால் இறங்கும். கொஞ்ச நாளில் ஆட்டக்காரர்கள் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள், கூல் வாங்குவதற்கு என்றே மனப்பாடமான பட்டன் வரிசைகள் புழங்க ஆரம்பித்தன. கற்பனைக்கு மார்க் உண்டு என்று அறிவித்தார்கள், கடைசியில் கற்பனையும் ஒரு ஃபார்முலா ஆனது. இதில் ஆட்டக்காரர்களைக் குறை சொல்லவே முடியாது, மார்க் என்று ஒன்று இருந்தால் மார்க் வாங்கும் வழியைத்தான் யாரும் தேடுவார்கள்.

இதற்கு நேர் எதிர்த் திசையில் நடந்து வந்தவர்கள் ஹார்மோனிக்ஸ்காரர்கள். அமெரிக்காவில் எம்ஐடி மீடியா லேப்பில் படித்த அலெக்ஸ் ரிகோபுலோஸும் ஏரன் எகோஸியும் 1995-இல் தொடங்கிய நிறுவனம் அது. இசைக் கருவி வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் வாசிக்கிற சந்தோஷத்தைக் கொடுக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். அவர்கள் முதலில் விற்ற பொருள் கேமே இல்லை, தி ஆக்ஸ் என்ற ஒரு மென்பொருள். பின்னணியில் பாட்டு ஓடும், நீங்கள் ஜாய்ஸ்டிக்கை அசைத்தால் அது சோலோவாக மாறும், எப்படி அசைத்தாலும் அபஸ்வரம் வராது. முழுச் சுதந்திரம். விற்றது சுமார் 300 பிரதிகள்தான் என்று பின்னால் சொன்னார்கள். முதல் சில நிமிஷம் எல்லோருக்கும் ஆச்சரியமாக இருந்திருக்கும், அதற்கு மேல் என்ன செய்வது? எப்படி அசைத்தாலும் நன்றாகவே இருக்கிறது என்றால், அடுத்த முறை இன்னும் நன்றாக அசைக்க என்ன காரணம் இருக்கிறது?

அப்புறம் 2001-இல் ஃப்ரீக்வென்சி, 2003-இல் ஆம்ப்ளிட்யூட். இவை கேம்கள்தான், ஸ்கோர் உண்டு, தப்பு உண்டு, தோல்வி உண்டு. இரண்டிலும் ரீமிக்ஸ் செய்யத் தனியாக ஒரு பகுதியும் இருந்தது. பார்த்தவர்கள் பாராட்டினார்கள், பணம் பெரிதாக வரவில்லை. 2005 நவம்பரில் ரெட்ஆக்டேன் என்ற நிறுவனத்துடன் சேர்ந்து கிட்டார் ஹீரோவை வெளியிட்டபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. கிப்ஸன் எஸ்ஜி கிட்டார் வடிவத்தில் ஒரு பிளாஸ்டிக் கன்ட்ரோலர், கழுத்தில் ஐந்து கலர் பட்டன், நடுவில் மீட்டுவதற்கு ஒரு பட்டை. ஜப்பானில் கொனாமி 1999-லேயே கிட்டார்ஃப்ரீக்ஸ் என்று மூன்று பட்டன் கிட்டாருடன் ஆர்கேட் மெஷின் வைத்திருந்தது, ஆக யோசனை புதிது இல்லை. ராக் பாட்டுகளும், மேடையில் நிற்கிற அந்த உணர்வும் சேர்ந்து அமெரிக்க வீடுகளைப் பிடித்துக்கொண்டன.

கிட்டார் ஹீரோவில் உங்கள் விரல் என்ன செய்கிறது என்று கிட்டத்தில் போய்ப் பார்த்தால் விஷயம் விளங்கும். பாட்டு ஓடிக்கொண்டே இருக்கிறது. அதில் கிட்டார் பகுதி மட்டும் தனி ட்ராக்காக இருக்கிறது. சரியான கணத்தில் சரியான பட்டனைப் பிடித்து மீட்டினால் அந்த ட்ராக் கேட்கும், தவறினால் அது மௌனமாகி 'டொக்' என்று ஒரு சத்தம் வரும், டிரம்ஸும் பேஸும் குரலும் நீங்கள் இல்லாமலே போய்க்கொண்டிருக்கும். அதாவது நீங்கள் கிட்டாரை வாசிக்கவில்லை, ஏற்கெனவே ஒருவர் வாசித்து வைத்ததைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறீர்கள். நீண்ட ஸ்வரங்களில் கன்ட்ரோலரில் இருக்கும் ஒரு கம்பியை ஆட்டி ஒலியை நெளிக்கலாம். மார்க்கைப் பெருக்கும் ஸ்டார் பவரை எந்த இடத்தில் போடுவது என்று நீங்கள் தீர்மானிக்கலாம். ஆனால் அந்தத் தீர்மானம் ஸ்கோரை எங்கே பெருக்குவது என்கிற கணக்கு. கணக்கில் கெட்டிக்காரர்கள் ஒவ்வொரு பாட்டுக்கும் சிறந்த வழி எது என்று உட்கார்ந்து போட்டே வைத்துவிட்டார்கள். இதை நான் இளக்காரமாகச் சொல்லவில்லை. பிடித்த பாட்டு ஒன்று உங்கள் கை வழியாக வருவதுபோல இருக்கும்போது அதை நீங்கள் கேட்கிற விதமே மாறிவிடும், பின்னணியில் பேஸ் என்ன செய்கிறது என்று முதல் தடவையாகக் காதில் விழும். கேட்பவர் என்ற முறையில் ஆட்டக்காரர் வளர்கிறார். வாசிப்பவர் என்ற முறையில் வளர அதில் வழி இல்லை.

2007-இல் ஹார்மோனிக்ஸ்காரர்களின் ராக் பேண்ட் வந்தது, டிரம்ஸும் மைக்கும் சேர்ந்து. இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் டிரம்ஸில், நாம்தான் வாசிக்கிறோம் என்ற அந்தப் பொய் கிட்டத்தட்ட மறைந்துவிடுகிறது. நாலு பேட், காலுக்கு ஒரு பெடல். மிக உயர்ந்த கட்டத்தில் ஆடுகிறவர் கையையும் காலையும் தனித்தனியாக இயக்கக் கற்றே ஆக வேண்டும், நிஜ டிரம்ஸுக்கு முன்னால் உட்காரவைத்தால் ஓரளவு தாக்குப்பிடிப்பார். அதோடு பாட்டுக்கு நடுவே ஃபில் என்று சில இடங்களை அவர்கள் திறந்துவிட்டார்கள், அந்த இடத்தில் எதை வேண்டுமானாலும் அடிக்கலாம், கடைசி அடி மட்டும் குறித்த இடத்தில் விழுந்தால் ஓவர்டிரைவ் என்ற மார்க் பெருக்கும் வசதி கிளம்பும். தனி ஆவர்த்தனத்தின் வடிவமேதான் இது! ஆனால் அந்த ஓவர்டிரைவ் ஸ்கோர் சம்பந்தப்பட்டது என்பதால், தீவிரமாக ஆடுகிறவர்களுக்கு ஃபில் என்பது கற்பனைக்கான இடமாகத் தெரியவில்லை, சுவிட்ச் போடுகிற இடமாகத்தான் தெரிந்தது. நடுவில் என்ன அடித்தாலும் ஒன்றுதான் என்றால் எதையோ அடித்துவிட்டுக் கடைசி அடிக்குக் காத்திருப்பார்கள்.

கற்பனையை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தாகிவிட்டது. 2008 அக்டோபரில் நின்டெண்டோ வீ மியூசிக்கை வெளியிட்டது, முன்னின்று செய்தவர் ஷிகெரு மியாமோட்டோ. அறுபதுக்கும் மேற்பட்ட வாத்தியங்கள். கன்ட்ரோலரை எப்போது அசைக்கிறீர்களோ அப்போது வாத்தியம் ஒலிக்கும், எந்த ஸ்வரம் என்பதை கேமே அந்தப் பாட்டுக்குப் பொருத்தமாகத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். ஜாம் செய்து முடித்த பிறகு மார்க் போட வேண்டியதும் நீங்களேதான். மார்க் தொல்லையை ஒழித்த துணிச்சலுக்காக எனக்கு இதைப் பிடிக்கும். ஆனாலும் தி ஆக்ஸ் விழுந்த அதே குழியில் இதுவும் விழுந்தது. ஸ்வரத்தை அது தேர்ந்தெடுக்கிறது என்றால் எனக்கு மிச்சம் இருப்பது நேரம் மட்டும்தான், அதிலும் தப்பு என்று எதுவும் கிடையாது. எதிர்ப்பே காட்டாத ஒரு பொருளை வைத்துக்கொண்டு கற்பனை செய்வது ரொம்பக் கஷ்டம்.

அதே மாதம் வந்த கிட்டார் ஹீரோ வேர்ல்ட் டூர் வேறு வழியில் போனது. சொந்தமாகப் பாட்டு செய்ய ஒரு ஸ்டூடியோவையே உள்ளே வைத்தார்கள், மற்றவர்களுடன் பகிர்ந்துகொள்ளவும் வசதி. பிளாஸ்டிக் கிட்டாரில் ஐந்து பட்டன்களை வைத்துக்கொண்டு மெட்டமைப்பது லேசான காரியம் இல்லை, ஆனால் பிடிவாதமாகச் செய்தவர்கள் இருந்தார்கள்.

இந்த இரண்டு முனைக்கும் நடுவே மௌனமாக வேலை செய்தவர் டோஷியோ இவாய். கலைஞர், கேம் நிறுவனத்துக்காரர் இல்லை. 1987-இல் ஃபேமிகாம் டிஸ்க் சிஸ்டத்துக்கு அவர் செய்த ஓட்டாக்கி, பார்ப்பதற்குச் சுடுகிற கேம்தான். ஆனால் எட்டுத் திசையில் எந்தப் பக்கம் சுடுகிறீர்களோ அதற்கு ஒரு ஸ்வரம், நீங்கள் எந்தக் கணத்தில் அழுத்தினாலும் அந்தச் சத்தம் தாளத்தில் போய்ச் சரியாக உட்கார்ந்துகொள்ளும். இதே உத்தியைத்தான் 2001-இல் டெட்சுயா மிசுகுச்சியின் குழு ரெஸ் என்ற கேமில் பெரிய அளவில் பயன்படுத்தியது, எதிரியைச் சுடச் சுட டெக்னோ இசை கட்டுமானம் ஆகிக்கொண்டே போகும். இவாயின் எலக்ட்ரோபிளாங்க்டன் 2005-இல் நின்டெண்டோ டிஎஸ்ஸுக்கு வந்தது. அதில் ஒரு பகுதியில் தண்ணீரிலிருந்து எழுந்து நிற்கும் ஒரு செடி, அதன் இலைகளை ஸ்டைலஸால் சாய்த்துவைக்க வேண்டும். குட்டி உயிர்கள் துள்ளி வந்து இலையில் மோதும், மோதும்போதெல்லாம் ஒரு ஸ்வரம், இலை சாய்ந்திருக்கும் கோணத்தைப் பொறுத்து அடுத்து எந்த இலைக்குத் தெறிக்கும் என்பது மாறும். இங்கே ஸ்கோர் இல்லை, ஆனால் எதிர்ப்பு இருக்கிறது, பந்து தெறிக்கிற விதி உங்கள் இஷ்டத்துக்கு வளையாது. நீங்கள் நினைத்த மெட்டு வராது, வேறு ஏதோ வரும், அதைக் கேட்டுவிட்டு ஒரு இலையை லேசாகத் திருப்புவீர்கள். இதுதான் இசை செய்கிற மனநிலை என்று நான் நம்புகிறேன். செய்ததைச் சேமித்துவைக்க மட்டும் வழியே வைக்கவில்லை, அது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

மெஷினின் மார்க்கைத் தாண்டி கற்பனைக்கு இடம் பிடித்தவர்கள் யார் என்று கேட்டால் நான் முதலில் சொல்வது டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன் ஆடியவர்களை. 1998-இல் கொனாமி கொண்டுவந்த ஆர்கேட் மெஷின், காலடியில் நாலு அம்புக்குறி. அதை ஆடியவர்கள் சீக்கிரமே இரண்டாகப் பிரிந்தார்கள். ஒரு பக்கம் துல்லியத்தை நாடியவர்கள், பின்னால் இருக்கும் கம்பியைக் கையால் பிடித்துக்கொண்டு, உடம்பில் தேவையில்லாத அசைவு ஒன்றுகூட இல்லாமல், அதிகபட்சக் கடினத்தில் ஆடுவார்கள். மறுபக்கம் ஃப்ரீஸ்டைல்காரர்கள். இவர்கள் வேண்டுமென்றே கொஞ்சம் எளிய கட்டத்தைத் தேர்ந்தெடுப்பார்கள், அம்புகளை முழுக்க மனப்பாடம் செய்துகொள்வார்கள், அப்புறம் திரைக்கு முதுகைக் காட்டி, சுற்றி, குனிந்து, சில அடிகளைக் கையாலும் முட்டியாலும் போட்டு முழு நடனமே அமைப்பார்கள். எளிய கட்டத்தை எடுத்தது திறமைக் குறைவால் இல்லை, அம்புகளுக்கு நடுவே இடைவெளி வேண்டும், அந்த இடைவெளியில்தான் நடனம். மெஷினுக்கு இது எதுவுமே தெரியாது, ஒவ்வொரு அம்பும் சரியா தப்பா என்று மட்டும் எண்ணிக்கொண்டிருக்கும். அதனால் போட்டிகளில் ஃப்ரீஸ்டைலுக்குத் தனிப் பிரிவு வைத்து மனிதர்களை நடுவர்களாக உட்காரவைத்தார்கள். ஒரே மெஷின், ஒரே பாட்டு, ஒன்றில் தீர்ப்பு சொல்வது ப்ரோகிராம், மற்றதில் கண்ணும் காதும் உள்ள ஆட்கள். நான் ஆரம்பத்தில் சொன்னது இதுதான்: கட்டுப்பாடு கற்பனையைக் கொல்லவில்லை, அதற்கு வேகமும் ஒரு தடை இல்லை, யார் தீர்ப்புச் சொல்கிறார் என்பதைப் பொறுத்தே ஆட்டம் மாறுகிறது.

இன்னொரு இடம், வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாத இடம், சார்ட் போடுவது, அதாவது ஒரு பாட்டுக்கு எந்த நோட்டு எப்போது வர வேண்டும் என்று அமைப்பது. ஸ்டெப்மேனியா 2001-லிருந்தும் ஓசு 2007-லிருந்தும் ஆட்டக்காரர்களையே எந்தப் பாட்டுக்கும் நோட்டு போட விட்டன, 2018-இல் வந்த பீட் சேபரிலும் பெரும் பகுதி உயிர் இப்படி ரசிகர்கள் போடும் சார்ட்டுகளில்தான் இருக்கிறது. ஒரு பாட்டில் ஒரே நேரத்தில் குரல், ஹை-ஹாட், பேஸ், சிந்த் எல்லாம் போய்க்கொண்டிருக்கும். அதில் எதைக் கையில் கொடுப்பது? குரலைத் தொடர்ந்துவிட்டு எந்த இடத்தில் டிரம்ஸுக்குத் தாவுவது? சரணம் திரும்ப வரும்போது அதே அமைப்பா, கொஞ்சம் அடர்த்தியாகவா, அல்லது ஒன்றுமே கொடுக்காமல் மூச்சு விட விடுவதா? நல்ல சார்ட் ஆடும்போது அதைப் போட்டவர் அந்தப் பாட்டை எப்படிக் கேட்டார் என்பது உங்கள் விரலுக்குத் தெரியும், மோசமான சார்ட்டில் நோட்டு மட்டும் நிறைய இருக்கும். என்னைப் பொறுத்தவரை இது இசையமைப்பாளருக்கும் நடன ஆசிரியருக்கும் நடுவில் இருக்கிற ஒரு கலை. மியூசிக் கேம்களில் கற்பனை இல்லை என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஆடுகிறவரை மட்டுமே பார்க்கிறார்கள்.

ஹார்மோனிக்ஸ் தன் பழைய கனவை விட்டுவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2010-இல் ராக் பேண்ட் 3-க்கு ஆறு கம்பிக்கும் பதினேழு கட்டைக்கும் தனித்தனியாக பட்டன் வைத்து, மொத்தம் 102 பட்டனோடு ஒரு கிட்டார் வந்தது. அதற்குள் அலை ஓய ஆரம்பித்திருந்தது, வருஷா வருஷம் பாகம் பாகமாக வந்து குவிந்த பிளாஸ்டிக் வாத்தியங்களை வைக்க வீடுகளில் இடமும் இல்லை, அப்போது கிட்டார் ஹீரோவை வைத்திருந்த ஆக்டிவிஷன் நிறுவனம் 2011 பிப்ரவரியில் அந்தப் பிரிவை மூடியது. 2015-இல் ராக் பேண்ட் 4-இல் ஃப்ரீஸ்டைல் சோலோ சேர்த்தார்கள், முன்கூட்டிப் பதிவு செய்த கிட்டார் துணுக்குகள் பாட்டின் ஸ்கேலுக்கு ஏற்ப உங்கள் கைக்குக் கீழே வந்துகொண்டிருக்கும். 2020 நவம்பரில் ஃப்யூசர். ஒரு பாட்டின் டிரம்ஸ், இன்னொன்றின் பேஸ், வேறொன்றின் குரல் என்று எடுத்துப் போட்டால் வேகத்தையும் ஸ்கேலையும் கேமே பொருத்திவிடும், கலவை காதுக்கு அபாரமாகவே இருக்கும். ஆனால் கதைப் பகுதியில் கூட்டத்திலிருந்து, 'இப்போது டிரம்ஸ் மாற்று', 'இந்த வகைப் பாட்டு போடு' என்று கோரிக்கை வந்துகொண்டே இருக்கும், சரியான அடியில் போட்டால்தான் மார்க், கொஞ்ச நேரத்தில் மிக்ஸைக் கேட்பதை விட்டுவிட்டு ஏவிய வேலையைச் செய்துகொண்டிருப்பீர்கள். மார்க் இல்லாத ஃப்ரீஸ்டைல் பகுதியில்தான் அந்த கேமின் உயிரே இருந்தது. 2022 டிசம்பரில் விற்பனையையும் நிறுத்தி, சர்வரையும் மூடிவிட்டார்கள், பகிர்ந்துவைத்த மிக்ஸ்களைப் பார்க்க இருந்த இடமும் அதோடு போனது.

என்னை அதிகம் யோசிக்கவைத்தது யூபிசாஃப்டின் ராக்ஸ்மித், அதிலும் 2014 பதிப்பின் செஷன் மோட். நிஜ எலக்ட்ரிக் கிட்டாரை ஒரு கேபிளில் இணைத்து ஆடுவது ராக்ஸ்மித், மற்றப் பகுதிகளில் நோட்டு வரும், ஸ்கோர் வரும், எல்லாம் உண்டு. செஷன் மோடில் டிரம்ஸ், பேஸ், கீபோர்டு என்று ஒரு கற்பனைக் குழுவை நீங்களே கூட்டிக்கொள்ளலாம். ஸ்கேலைச் சொன்னால் கழுத்தில் எந்த இடங்கள் பொருந்தும் என்று திரையில் காட்டும், அதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நீங்கள் மெதுவாக வாசித்தால் அவர்கள் அடக்கி வாசிப்பார்கள், வேகம் கூட்டினால் கூடவே ஏறுவார்கள், நிறுத்தினால் அவர்களும் ஓய்வார்கள். அபஸ்வரம் வாசித்தால் அபஸ்வரமாகத்தான் கேட்கும், யாரும் திருத்திக் கொடுக்க மாட்டார்கள், மார்க்கும் போட மாட்டார்கள். கேட்டுக்கொண்டு பதில் வாசிக்கிறார்கள், அவ்வளவுதான் அந்த மெஷின் செய்கிறது. மற்ற கேம்கள் வருஷக்கணக்கில் பட்டன்களின் எண்ணிக்கையைக் கூட்டியும் குறைத்தும் தேடிய இடத்துக்கு மிக அருகில் போனது இதுதான் என்பது என் கணிப்பு. இதிலும் குறை உண்டு. அந்தக் குழு உங்களைப் பின்தொடரத்தான் செய்யும், கூட வாசிக்கிற ஒரு நிஜ ஆள் திடீரென்று உங்களை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போவதுபோல ஒருநாளும் இழுக்காது.